நகக்கண்ணில் கரிசல்

காலையில் கண்மாயிலிருந்து வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். நகக்கண்ணில் ஏறிய கரிசல் போக மாட்டேன் என்கிறது. அந்தச் சேற்று வாடைதான் உனக்கு எழுத என்னை உட்கார வைத்தது. நீ போய் ஒரு வருஷமாகிறது. உட்காரக்கூட அலுப்பாகத்தான் இருக்கிறது எனக்கு.

மாசி பிறந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால் நம் இருவருக்கும் வீட்டில் கால் தங்காது. நாம் சேர்ந்து வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசுக்கு ஞாயிறு லீவு. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம். அப்போதுதான் சிலேபிக் கெண்டைகள் வெயில் பட்ட ஓரத் தண்ணீருக்கு வந்து, தட்டளவு குழி பறித்துக் கிடக்கும். வலையேது, தூண்டிலேது நமக்கு? குழிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவுவதுதான். நான் வால் பக்கமாகப் பிடித்து, முள் குத்திக் கத்துவேன். "தலப்பக்கமாத் தடவுன்னு எத்தன மட்டம்ட்டி சொல்ல? மீனுக்கும் மரியாத வேணும்லா" என்பாய்.

சில மீன்கள் கையில் அகப்பட்டதும் வாயிலிருந்து குஞ்சுகளைக் கொட்டும். அதை மட்டும் நீ சட்டியில் போட விட்டதே இல்லை. "பிள்ளைய வாய்ல வச்சிருக்கா, விட்ருட்டி."

பிறகு உன் கிட்னி கெட்டது. வாரம் இரண்டு தரம் கோவில்பட்டிக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் உன்னை ஏற்றி இறக்குவது நான்தான். போன மாசியில், "ஒருக்கா கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போ, ஏட்டி" என்று பிடித்துக்கொண்டாய். டாக்டர் வைவார் என்றேன். "குடிக்கிற தண்ணியத்தான் அளந்து தாராவ. நிக்கிற தண்ணிக்குமா அளவு?" என்றாய். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் என்று இழுத்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். "கண்மாய்ல தண்ணி கெடக்கா, ஏட்டி?" என்றாய்.

"எங்கன கெடக்கு? வத்திப் போச்சு. ஆடு மேயுது அங்கன."

நீ விழுந்துவிடுவாயோ என்று பயந்து சொன்னதாக ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் என்ன மறைப்பு? அலுப்புதான். உன்னைத் தாங்கித் தாங்கி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு காலையாவது தனியாகத் தண்ணீரில் நிற்க ஆசைப்பட்டேன். அன்று காலை போய் நின்றுவிட்டும் வந்திருந்தேன்.

நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். விரல்களைப் பார்த்தாய். நகக்கண் ஒவ்வொன்றிலும் ஈரக் கரிசல். கட்டைவிரலால் அதை மெல்லத் தேய்த்துவிட்டாய்.

"சரிட்டி, இந்த வருசம் வெயிலு கூடத்தான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இன்று கோரையோரம் ஒரு தாய்மீன் அகப்பட்டது. தலைப்பக்கமாகத்தான் பிடித்தேன். உள்ளங்கையில் குஞ்சுகளைக் கொட்டியது. விட்டுவிட்டேன். நான் பொய் சொன்னதைக்கூட எப்படியோ சுமந்துவிடுவேன் போலிருக்கிறது. என் நகக்கண்ணைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காமல் நீ என்னை விட்டதைத்தான் சுமக்க முடியவில்லை.

கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, ஏட்டி. போன வருஷமும் கிடந்தது.