ஏழாவது வாரப் பக்கம்

இன்று மதியம் ஒரு மாணவி தன் பயிற்சிக் குறிப்பேட்டை என் மேசையில் வைத்துத் திறந்தாள். வெள்ளைத் திருத்த மையின் வாசம் குப்பென்று வந்தது. ஏழாவது வாரப் பக்கம். இத்தனை வருடம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எங்கே வேலை செய்கிறேன் தெரியுமா? சிரிக்காதே. நம் பல்கலைக்கழகத்தின் அதே வேலைவாய்ப்புப் பிரிவில்தான். இங்கே நாம் படித்தபோது, மாதிரி நேர்காணலுக்கு நம் இருவருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. நீ வெளியே வந்து கழற்றித் தர, நான் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். "உன் பலவீனம் என்ன?" என்று கேட்டதற்கு, "தூக்கம் சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்த மக்கு நீ. கஷ்டம் என்று சொல்லாதே, சவால் என்று சொல் என்று அன்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததை இன்று நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையில் உனக்குப் பயிற்சி இடம் கிடைத்தது. ஒழுங்காக முடித்தால் நிரந்தர வேலை என்றார்கள். உன் அம்மா எஸ்டேட் கோயிலில் பொங்கல் வைத்தார். பண்டார் பாரு பக்கத்து உங்கள் எஸ்டேட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தாய்.

குறிப்பேட்டில் வாரம் ஒரு பக்கம் எழுத வேண்டும். நம் ஆட்கள் யார் அதை வாராவாரம் எழுதினார்கள்? பல்கலைக்கழக அதிகாரி பார்வையிட வருவதற்கு முதல் நாள், ஆங்கிலம் நன்றாக வருகிறவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். நீ மட்டும் வாராவாரம் நீயே எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அதைப் புரட்டினேன். ஏழாவது வாரத்தில் இப்படி இருந்தது: 'நான்கு நாள் இரட்டை ஷிப்டு. திரும்பும் வழியில் இரண்டு முறை கண் சொருகிவிட்டது.'

"என்னா டீ இது?"

"நடந்தத தானே எழுதச் சொன்னாங்க?"

"இத பாத்தா பேக்டரிக்காரன் உனக்கு வேல குடுப்பானா? அடுத்த வருசம் நம்ம ஜூனியருக்கும் எடம் இருக்காது லா."

நீ அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாய். பிறகு, "சரி, நீயே மாத்திக் குடு" என்று ஏட்டை என் பக்கம் தள்ளினாய். நான் வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து, மேலே எழுதினேன்: வேலை அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒன்பதாவது வாரம், ஷிப்டு முடிந்து, நல்ல வெயிலில் வந்துகொண்டிருந்தாய். செம்பனைத் தோட்டத்து வளைவில் உன் வண்டி நேராகப் போய்விட்டது.

உன் காரியம் முடிந்ததும் தொழிற்சாலைக்காரர்களும் பல்கலைக்கழகத்தாரும் விசாரித்தார்கள். முதலில் உன் குறிப்பேட்டைத்தான் கேட்டு வாங்கினார்கள். வேலை நேரம் பற்றி மாணவி எந்தக் குறையும் எழுதவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். விசாரணை அறையில் நானும் இருந்தேன். பயத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு உன் அம்மா ஏட்டை என்னிடம் நீட்டி, "எம்புள்ள என்னா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லும்மா" என்றார். என் கையெழுத்தை உன் எழுத்தாகப் படித்துக் காட்டினேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இன்று வந்தவளும் உங்கள் பக்கத்து எஸ்டேட் பெண். மடியில் ஹெல்மெட். அவள் பக்கத்திலும் அதே வெள்ளைப் பட்டை, அதன் மேல் கிட்டத்தட்ட அதே வரி.

"இதுக்குக் கீழ என்னம்மா எழுதியிருந்த?"

"ஸ்பெல்லிங் தப்பு அக்கா."

"யாரு மாத்திக் குடுத்தா?"

"என் கூட்டாளி."

அந்த வெள்ளைப் பட்டையை நகத்தால் சுரண்டினேன். "வேணாம் அக்கா, எடம் போயிரும்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே, வாரம் முழுக்க இரட்டை ஷிப்டு. வண்டியில் கண் சொருகியதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி குறிப்பு எழுதும் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொழிற்சாலைக்கு அழைத்து, இன்றைக்கு அவள் வரமாட்டாள் என்றேன். என் வேலைக்கும் இது உலை வைக்கலாம். வைக்கட்டும். காரில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப மோட்டார என்னா பண்றது? ஒண்ணும் ஆவாது லா அக்கா. போய்ச் சேந்ததும் மெசேஜ் போடறேன்."

நீயும் இப்படித்தான் சொல்வாய். அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

அவள் வீடு ஒரு மணி நேர வழி. கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. இரண்டு முறை அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளை, கழுவியும் போகவில்லை. நீ எழுதிய அந்த வரி எனக்கு மனப்பாடம். நான் அழித்த பிறகு, அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது முறையாக அழைக்கிறேன். எடுக்கச் சொல் டீ அவளை.