யூஜாத் தண்ணீரும் இன்ஜாவின் கன்னமும்

தேகு,
மார்ச் 4

அன்புத் தங்கை இன்ஜாவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் முதலில் கடிதத்தைப் படி. கன்னம் சிவந்து எரிகிறது என்று எழுதியிருந்தாய். தோல் வறண்டால் அப்படித்தான். எரிச்சலை ஆற்றும் டோனர், சீரம், கிரீம், முகத்தில் ஒட்டும் தாள் பத்து எல்லாம் வைத்திருக்கிறேன். வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசு. கடைசியில் இருப்பது நானே தயாரித்த யூஜாத் தண்ணீர். யூஜா என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய் கலந்தது. மூடியைத் திறந்தால் அறையே மணக்கும். இருபது வருஷம் அடுத்தவர் சரக்கை வீடு வீடாகச் சுமந்தும், பிறகு இந்தச் சின்னக் கடையில் வைத்தும் விற்றேன். மே மாதம் என் பெயரில் முதல் சரக்கு ஆலையிலிருந்து வெளிவருகிறது. நீ வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் யாராவது கேட்டால் அக்கா செய்தது என்று சொல்.

அன்புடன்,
போக்சுன் அக்கா

யோசு,
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்தது. இத்துடன் நானே ஊறவைத்த கடுகுக்கீரைக் கிம்ச்சி அனுப்பியிருக்கிறேன்.

நீ சொன்ன வரிசையிலேயே பூசினேன். எட்டாம் நாள் இமை வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. மேலதிகாரி என்னைக் கவுண்டரிலிருந்து எழுப்பி, பின்னறையில் பொட்டலம் பிரிக்க உட்கார வைத்துவிட்டார். தோல் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மணம் கலந்தது எதுவும் எனக்கு ஆகாதாம். யூஜாத் தண்ணீரிலும் மணம்தானே அக்கா இருக்கிறது?

உன்,
இன்ஜா

தேகு,
மார்ச் 25

இன்ஜா,

கிம்ச்சி நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை.

வாராவாரம் பொதுக் குளியல் இல்லத்தில் அந்தச் சொரசொரப்பான பச்சைத் துணியால் உடம்பைத் தேய்க்கிற கையோடு முகத்தையும் தேய்க்கிறவள் நீ. தோலை உரித்துவிட்டு மேலே எதை ஊற்றினாலும் எரியத்தான் செய்யும். கடைக்கு வருகிற முப்பது பெண்களுக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தேன். முப்பது பேரும் அருமை என்றார்கள். கோளாறு என் தண்ணீரிலா, உன் தோலிலா, நீயே சொல்.

போக்சுன்

யோசு,
ஏப்ரல் 28

அன்புள்ள அக்கா,

பச்சைத் துணியைத் தூக்கி எறிந்தேன். மூன்று வாரம் டாக்டர் கொடுத்த களிம்பு தவிர எதையும் தொடவில்லை. சிவப்பு அடங்கியது. பிறகு நீ அனுப்பியதை எல்லாம் ஒவ்வொன்றாக, முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டிரண்டு நாள் பார்த்தேன். சீரம் ஒன்றும் செய்யவில்லை. டோனர் லேசாக அரித்தது. யூஜாத் தண்ணீர் வைத்த இடம் மறுநாளே தடித்துக் கொப்புளித்தது.

நான்கு வருஷமாக நீ அனுப்பியதைப் பூசி எரிந்தாலும் நன்றாக இருக்கிறது என்றே எழுதி வந்தேன். போன முறைதான் கன்னம் எரிகிறது என்று எழுதினேன், அப்போதும் எதனால் என்று சொல்லவில்லை. என்னைப் படிக்க வைத்தவள் நீ. உன்னிடம் எப்படிச் சொல்வது? அந்த முப்பது பேரும் உன்னிடம் சும்மா வாங்கியவர்கள்தானே. இன்னொரு தடவை கேட்டுப் பார்.

உன்,
இன்ஜா

தேகு,
மே 9

இன்ஜா,

கேட்டேன். கடையில் சொல்லமாட்டார்கள் என்று குளியல் இல்லத்துக்கே போனேன். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கிறவளுக்கு மரியாதை எல்லாம் ஞாபகம் இருக்காது. முதலில் கிம்ச்சிக் கடை சுக்ஜாதான் வாயைத் திறந்தாள்.

"சும்மா குடுத்தவகிட்ட எரியுதுன்னு எப்படிக்கா சொல்றது? நான் அதுல வாஷ்பேசின் கழுவுறேன். பளபளன்னு இருக்கு."

தொட்டியே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் பேசினார்கள். அந்த முப்பதில் அங்கே இருந்தவர்கள் பதினொரு பேர், அவர்களில் நாலு பேருக்கு எரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலைக்காரரிடம் எண்ணெயை எடுத்துவிடச் சொன்னேன். மணம் இல்லாமல் விற்காது என்றார். இருக்கலாம், ஆனால் நாலு பேரைக் காயப்படுத்தும் புட்டியில் என் பெயரை ஒட்டமுடியாது என்றேன். இந்த மே மாதம் சரக்கு வராது. எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

நான்கு வருஷம் பொய் எழுதினாயே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை உனக்குப் பெட்டி வராது. உன் முகத்துக்கும் அதுதான் நல்லது. கவுண்டரில் திரும்ப உட்கார வைத்தார்களா என்று மட்டும் எழுது. இல்லை என்றால், இல்லை என்றே எழுது.

அக்கா