ஊசி போட்டவன் பக்கத்து இருக்கை

சேக்காளி,

இன்று செக்கப் முடிந்து மதுரையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் ஒருவர் கையைப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சு, மடியில் பெரிய ஸ்கேன் கவர். சன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராதபடி பையை வைத்திருந்தார். உடனே உன் ஞாபகம்தான்.

நம் இருவருக்கும் ஒரே புராஸ்டேட் புற்றுநோய். பள்ளிக்கூடத்தில் அம்மை போட்டதிலும் நீதான் முந்தி, இதிலும் நீதான் முந்தி. உனக்கு எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் எடுத்து, எங்கும் பரவவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி ஆபரேஷன் செய்துகொண்டாய். பிறகும் ரத்தத்தில் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு இறங்கவில்லை. புதிதாக வந்த பெட் ஸ்கேன் எடுத்தபோதுதான் இடுப்பெலும்பில் மிளகளவு ஒரு புள்ளி தெரிந்தது. முன்பே இருந்திருக்கும், பழைய ஸ்கேனில் இவ்வளவு சின்னது தெரியாது என்றார் டாக்டர். நீ யார்மேலும் கோபப்படவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து என் முறை. அதே இரண்டு ஸ்கேன், அதே பதில். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நோய் தீர்க்கும் என்று கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு உன் பூக்கடைக்கு வந்தேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்றேன். நீ பிச்சிப்பூ நிறுத்துக்கொண்டிருந்தாய். தராசைக் கீழே வைத்தாய்.

"ஏலே, எங்கிட்டயும் இதே தாள்தாம்லே இருந்துச்சு. அந்தப் பெட் ஸ்கேன எடுத்துட்டு ஆபரேஷனுக்குப் படு."

எனக்குப் பயம். நல்ல சேதி கையில் இருக்கும்போது கெட்ட சேதியைத் தேடிப் போவானேன் என்று உன்னோடு சண்டை போட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், நேராக நிற்க முடியாத அந்த இடுப்போடு நீயே வீட்டுக்கு வந்து என்னை மதுரைக்கு இழுத்துப் போனாய்.

கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் முடிந்ததும், அன்று முழுக்கக் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் நெருங்க வேண்டாம் என்றார்கள். நான் பயந்துபோய்ப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். நீ அதைத் தூக்கி மேலே போட்டாய்.

"தள்ளி உக்காருலே, ஊசி போட்டிருக்கு," என்றேன்.

"எனக்கு என்ன பிள்ளையா பொறக்கப் போவுது? நவுந்து உக்காருலே!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நீ என் தோளில் சாய்ந்து ஊர் வரும்வரை தூங்கினாய்.

என் இடுப்புக்குள் ஒரு சின்ன நெறிக்கட்டியில் நோய் இருந்தது. பழைய ஸ்கேனில் தெரியாதது. ஆபரேஷனை நிறுத்திவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதனால்தான் பிழைத்தேனா என்று டாக்டரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லட்டும். நான் இருக்கிறேன், போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் நீ போய்விட்டாய். உன்னோடு பேசாமல் கழித்த அந்த ஏழு நாளை இன்னும் விரல்விட்டு எண்ணுகிறேன்.

இன்று அந்த மனிதர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, ஊசி போட்டுருக்கு, தள்ளி இருங்க," என்று பதறினார்.

பையை எடுத்து மேலே வைத்தேன். "எனக்கு என்ன பிள்ளையா பொறக்கப் போவுது? நவுந்து உக்காரும்வே."

ஒரு நொடி விழித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். மேலநீலிதநல்லூர்க்காரராம். ராஜபாளையம் தாண்டும்போது அவர் தலை என் தோளில் விழுந்தது. ஊர் வரும்வரை நான் அசையவில்லை.