என் எடைக்கு ஒரு டேங்க்

ஞாயிறு, இரவு.

எங்கள் விமானத்தின் டிசைன் வெளியே வந்துவிட்டது, தானா ராத்தா டவுன் வரைக்கும் பார்த்துவிட்டார்கள், கடைசியாகப் பார்த்தவன் நான்தான்!

பக்கத்து லயத்துக் குணாவும் நானும் யூடியூப் பார்த்தே வரைந்த டிரைக் அது. மேலே துணி இறக்கை, கீழே மூன்று சக்கரம், முன் சீட்டில் அவன், பின் சீட்டில் நான். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் இருவரும் ஏறி நின்றுதான் எடைக் கணக்குப் போட்டோம். அவன் இன்று போட்ட வீடியோவில் பின் சீட்டே இல்லை. அங்கே பெட்ரோல் டேங்க்.

போன் செய்தேன். “டேய், என் சீட்டு எங்கடா?”

“ஒரு ஆளுன்னா ரொம்ப தூரம் போலாம் லா, மச்சான்.”

“அப்ப கணக்கு?”

“உன் எடைக்குச் சரியாத்தான் டேங்க் வச்சிருக்கேன். பழைய கணக்கே போதும். வீடியோவ ஷேர் பண்ணிடு லா.”

இன்னும் ஷேர் செய்யவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நான் உட்கார வேண்டிய இடத்தில் அந்த டேங்க் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.