தபாலாபீஸ் கொயினா

இன்று காலை தபாலாபீஸில் விற்க வந்த கொயினா மருந்துப் பொட்டலங்களில் ஒன்று கிழிந்திருந்தது. விரலில் ஒட்டிய தூள் எப்படியோ உதட்டில் பட்டுவிட்டது. அந்தக் கசப்போடு உன் நினைவும் வந்தது.

பாலாற்றங்கரை முழுக்கக் குளிர்ஜுரம் பரவியிருந்த வருடம். ஆம்பூருக்கு அடுத்த நம் சிற்றூரின் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிக்கு நீ டாக்டர். நான் தபாலாபீஸ் குமாஸ்தா. ஒரு நாள் என் ஜன்னலருகே வந்து கொயினா கேட்டாய்.

"ஆஸ்பத்திரி நெறைய வெச்சிக்கினு இங்க வந்து கேக்குறியே, இன்னாப்பா?" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "அது கொயினா இல்ல, தோஸ்த். நாக்குல வெச்சுப் பார்த்தேன், பாதிக்கு மேல மாவு. தோல் ஷாப்பு ஆளு ஒருத்தன் தெனம் வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சான். இன்னிக்குச் செத்துட்டான். நான் குடுத்ததைக் குடிச்சிட்டுத்தான் செத்தான்."

தபாலாபீஸில் விற்றது சர்க்காரே சிங்கோனாத் தோட்டம் போட்டு, பரிசோதித்து அனுப்பிய மருந்து. ஆஸ்பத்திரிக்கு வந்ததோ, எல்லாரிலும் குறைந்த விலை சொன்ன காண்ட்ராக்டர் கொடுத்தது. அதை யாரும் பரிசோதிக்கவில்லை.

நீ அந்த மருந்தில் ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு போர்டு தலைவரிடம் போனாய். பட்டணத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னாய். காண்ட்ராக்டர் அவருடைய மைத்துனர் என்பது உனக்குத் தெரியும். "கம்மி வெலைக்குக் குடுக்குறாரு. உனக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டாராம்.

புட்டி எங்கும் போகவில்லை. உன்னைத்தான் திருப்பத்தூருக்கு அப்பால், மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஜுரம் ஓயாத இடம் அது.

"கொஞ்சம் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாமே" என்றேன், உன்னை ரயிலேற்ற வந்தபோது.

"மருந்துன்னு நம்பி வாயைத் தெறக்குறானே, அவனுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாய்.

அங்கும் அதே காண்ட்ராக்டரின் புட்டிகள்தான். முடிந்தபோதெல்லாம் பொட்டலங்கள் வாங்கி அனுப்பினேன். பிறகு உனக்கே ஜுரம் என்று சேதி வந்தது. இருந்த பொட்டலங்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். உன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாய்.

"நான் அனுப்பினதெல்லாம் எங்கப்பா?"

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்துச்சி. வயித்துல புள்ள. அதுக்குக் குடுத்துட்டேன்." பேசவே மூச்சு வாங்கியது உனக்கு. ஆனாலும் முகம் மலர்ந்தது. "பொழைச்சிக்கிச்சி, தோஸ்த். நேத்து நடந்தே வூட்டுக்குப் போச்சி."

நான் கொண்டுவந்ததைக் கரைத்துப் புகட்டினேன். பாதி கடைவாயில் வழிந்தது. மறுநாள் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய். உன்னோடு பேச வேண்டியதெல்லாம் அப்படியே நின்றுபோனது.

வேலூரில் உன் வீட்டுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். கோஷாத் திரைக்குப் பின்னாலிருந்து உன் மனைவி மெல்லக் கேட்டாள்: "அண்ணா, அவரு ஆஸ்பத்திரியிலதானே இருந்தாரு? அங்க மருந்து இல்லியா?"

"இருந்துச்சும்மா" என்றேன். அலமாரி நிறைய இருந்தது.

அந்தக் காண்ட்ராக்டர்தான் இன்றும் போர்டுக்கு மருந்து தருகிறார். உன் மனைவி மறுபடி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.