மிட்டாயைக் காட்டி எடுத்த படம்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சௌக்கியம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த ஊர்ல நான் சேர்ந்திருக்கிற நர்சரி ஸ்கூல்ல தினமும் பெத்தவங்களுக்குப் படமும் ரெண்டு வரியும் அனுப்புறது என் வேலை. நேத்து மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு காலையிலிருந்து அம்மா அம்மான்னு அழுதுக்கிட்டே இருந்தா. பெரிய டீச்சர் அவ மூக்கைத் துடைச்சு மிட்டாயைக் காட்டினாங்க. சிரிச்சா. படம் எடுத்ததும் மிட்டாயைப் பிடுங்கி டப்பாவுல போட்டுட்டாங்க. “ஜாலியா இருந்தாள்னு எழுது”ன்னாங்க. எழுதித் தொலைச்சேன். அவ அம்மா நன்றி சொல்லி அனுப்பியிருக்காங்க.

பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்த படம்னு நீங்க எனக்கு அனுப்புறதுல எல்லாம் அவளும் சிரிக்கிறா. நாளைக்கு ஸ்கூல்ல சொல்லாம, விடுற நேரத்துக்கு முன்னாடியே போய் ஜன்னல் வழியா பாருங்க.

வேலைக்கு நேரமாச்சு. பார்த்ததை அப்படியே எழுதுங்க. ஜாலியா இருந்தாள்னு மட்டும் எழுதிடாதீங்க.