பாட்டு நிற்கும் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள். நான் நலம். வாசிக்கும்போது டிரம் குச்சி முறிந்து நெற்றியில் பட்டது. இரண்டே தையல்தான், முடி மறைத்துவிட்டது. இனி முடிவெட்டச் சொல்லாதே.

எங்கள் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை நம் சொந்தக்காரர்களே கேட்கவில்லை. இரண்டாவதில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது! பாதியில் என் டிரம் சட்டென்று நின்று, ஒரு மூச்சு கழித்து மறுபடி எகிறும். அந்த இடத்தில்தான் கூட்டம் அலறுகிறது.

"ஏன்டா அங்க நிறுத்தின?" என்று பாடகன் கேட்டான்.

"தானா நின்னுடுச்சு" என்றேன்.

உனக்குத் தெரியும். பரீட்சைக்குப் படிக்காமல் சாப்பாட்டுத் தட்டில் தாளம் போடுவேன். சமையலறையிலிருந்து "நிறுத்துடா, தகர டப்பா!" என்பாய். ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

ஊர் ஊராகப் போகும் வேனில் இரவில் குளிர்கிறது, என் பழைய போர்வையை அனுப்பு. அப்படியே அந்த "நிறுத்துடா"வையும் ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. பாசமாகச் சொல்லாதே, நன்றாகத் திட்டு. இங்கே எல்லோரும் இன்னும் வாசி, இன்னும் வாசி என்கிறார்கள். நிறுத்தச் சொல்லத்தான் ஆளில்லை.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் தகர டப்பா